லடாக்கில் முதல் ட்ரெக்கிங்: பெண்கள் யார் பின்னால் நடப்பது?

லடாக்கில் நான்கைந்து நாள் நடக்கலாம் என்று முடிவெடுத்த ஒரு பெண்ணுக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஆண்களும் பெண்களும் கலந்து போகும் பெரிய ட்ரெக்கிங் நிறுவனத்தின் குழுவில் சேரலாம். சென்னை, பெங்களூரு, மும்பையிலிருந்து கிளம்பும் ‘பெண்களுக்கு மட்டும்’ குழுவில் சேரலாம். லே நகரில் ஒரு லடாக்கிப் பெண் கைடை அமர்த்திக்கொண்டு, கிராமத்து வீடுகளில் தங்கித் தங்கி நடக்கலாம். இல்லையென்றால் கைடே இல்லாமல் தனியாகப் போகலாம்.

முதல்முறை போகிறவருக்கு நாங்கள் சொல்வது மூன்றாவது வழி. தடம், ஷாம் பள்ளத்தாக்கு. இது எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே சொல்லியிருக்கிறோம்.

பெரும்பாலானவர்கள் விலையையும் இன்ஸ்டாகிராம் படங்களையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். மலையில் போய் நின்றபிறகு அவை இரண்டும் உதவுவதில்லை. 4,000 மீட்டர் உயரத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தலை பிளக்கிறது என்றால், ‘காலையில் கீழே இறங்கிவிடுவோம்’ என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மாதவிடாய் தொடங்கிவிட்டது, இன்று மெதுவாக நடக்கிறேன் என்று அந்த ஆளிடம் கூசாமல் சொல்ல முடியுமா? நீங்கள் தூங்கும் இடத்தில் வேறு யார் தூங்குகிறார்கள்? கொடுத்த பணத்தில் எவ்வளவு அந்த மலையில் இருக்கும் பெண்களின் கைக்குப் போகிறது? இந்த நான்கையும் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறோம்.

எந்த வழியில் போனாலும்: உயரம்

லே சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். டெல்லியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே போய் இறங்கிவிடுவதால், உடல் பழகுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. இறங்கிய முதல் 48 மணி நேரம் ஓய்வு. லே கடைவீதியில் மெல்ல நடக்கலாம், சாந்தி ஸ்தூபியின் படிகளை மூன்றாம் நாள் வைத்துக்கொள்ளலாம். நடை தொடங்குவது நான்காம் நாள். 3,000 மீட்டருக்கு மேல், இரவில் தூங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பயணத்திட்டம் இந்தக் கணக்கை மீறினால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். இறங்கிய மறுநாளே நடை என்று போடுகிறவர்கள் உங்கள் விடுமுறை நாட்களை மிச்சப்படுத்துவதாகச் சொல்வார்கள். மூன்றாம் நாள் வாந்தியோடு படுத்தால் எல்லா நாட்களும் போய்விடும்.

பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. ட்ரெக்கிங் நிறுவனங்களின் உடற்தகுதிப் படிவங்களில் இவற்றுக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை.

முதலாவது ரத்தசோகை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அது குறைவாக இருக்கும்போது, காற்றில் ஆக்சிஜனும் குறைந்த இடத்தில் போய் நின்றால் இரட்டை அடி. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரும்புச் சத்து மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு தெரிந்து பயனில்லை.

இரண்டாவது தண்ணீர். வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று நினைத்துத் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும் பழக்கம் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஊறிப்போனது. லடாக்கின் வறண்ட காற்றில் அது தலைவலியாகத் திரும்பி வரும். அந்தத் தலைவலி உயரத்தால் வந்ததா, தண்ணீர் இல்லாமல் வந்ததா என்று கைடுக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடியுங்கள். மறைவாக ஒதுங்கத் தளர்வான நீண்ட குர்த்தா அல்லது ஒரு லேசான துப்பட்டா போதும்.

மூன்றாவது, மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை. ஹார்மோன் மாத்திரைகள் சிலருக்கு ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். உயரமும் நீர்ச்சத்துக் குறைவும் அதோடு சேரும். அக்கம்பக்கத்தில் கேட்டு மருந்துக்கடையில் வாங்கிப் போடாமல், எங்கே போகிறோம் என்பதைச் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். உயரத்துக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் அசிட்டசோலமைடு (125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து) மாத்திரையும் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் இந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை.

தலைவலியும் குமட்டலும் இருந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. ஓய்விலும் மூச்சு வாங்குவது, விடாத இருமல், குதிகாலையும் விரலையும் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கத் தடுமாறுவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இரவென்று பார்க்காமல் இறங்க வேண்டும். யாருடன் போவது என்ற கேள்வியின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பெரிய நிறுவனத்தின் கலப்புக் குழு

ஏற்பாடுகளில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆக்சிஜன் சிலிண்டர், ஆக்சிமீட்டர், மருந்துப் பெட்டி, சமையல்காரர், குதிரைகள், தேதி மாறாத புறப்பாடு. நீங்கள் குறிவைப்பது மார்க்கா பள்ளத்தாக்கு முழுவதையும் நடந்து, 5,200 மீட்டரை ஒட்டிய கோங்மாரு லா கணவாயைத் தாண்டுவது என்றால், இதுதான் சரியான வழி. அந்தத் தடத்தில் கடைசி இரவு தங்கும் நிமாலிங் 4,700 மீட்டருக்கு மேல். அங்கே வீடுகள் கிடையாது, டென்ட் மட்டுமே. ஹங்கர் கிராமத்திலிருந்து ஒரே நாளில் நிமாலிங் ஏறினால், தூங்கும் உயரம் 700 மீட்டர் அளவுக்குக் கூடிவிடும். இடையில் தச்சுங்சேயில் ஒரு இரவு போடும் நிறுவனம் விவரம் தெரிந்த நிறுவனம். அந்த இரவு இருக்கிறதா என்று கேட்டாலே அவர்கள் தரம் தெரிந்துவிடும்.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. குழுவில் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். தலைவர் பெரும்பாலும் ஆண். வேகமாக நடக்கும் நான்கு பேர் குழுவின் வேகத்தைத் தீர்மானித்துவிடுவார்கள். பின்தங்கும் பெண்கள், தங்களால் எல்லாருக்கும் தாமதம் ஆகிறதே என்று தலைவலியை மறைப்பார்கள். அறிகுறி முற்றுவது இப்படித்தான். அடுத்தது டென்ட். இரண்டு அல்லது மூன்று பேருக்கு ஒன்று. குழுவில் பெண்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘பார்த்துக்கலாம் மேடம்’ என்பது பதில் ஆகாது.

பலருக்குத் தெரியாத ஒரு சட்ட விஷயம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம், ஊழியர்கள் வேலையின் பொருட்டுப் போகும் இடங்களையும் பணியிடமாகவே கருதுகிறது. புகார் கொடுக்கும் பெண் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருக்க வேண்டியதில்லை. ஆகவே கைடோ சமையல்காரரோ முகாமில் தவறாக நடந்தால், வாடிக்கையாளரான நீங்கள் அந்த நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் புகார் கொடுக்கலாம். பத்து அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் அந்தக் குழுவை வைத்திருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. பணம் கட்டும் முன் ‘உங்கள் உள்ளகக் குழுவின் தலைவர் யார்?’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வரும் வேகமே நிறையச் சொல்லிவிடும்.

‘பெண்களுக்கு மட்டும்’ குழு

வீட்டில் சம்மதம் வாங்க இதைவிட எளிய வழி இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாகக் குடும்பத்தை விட்டுத் தனியாகக் கிளம்பும் பெண்களை இந்தக் குழுக்கள்தான் வெளியே கொண்டுவந்தன. அந்த நன்மையை நாங்கள் சிறிதாக நினைக்கவில்லை. முட்டிவலி உள்ளவர்கள், நடையைவிடத் துணையை விரும்புகிறவர்கள் இதையே எடுக்கலாம்.

ஆனால் விளம்பரத்தைக் கவனமாகப் படியுங்கள். ‘லடாக் பெண்கள் பயணம்’ என்று வருபவற்றில் பல, கார் பயணங்கள்: கர்துங் லா கணவாய், நூப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி. அவற்றில் நடை என்று பெரிதாக எதுவும் இருக்காது. கார் பயணத்துக்கும் உயரக் கணக்கு உண்டு. நூப்ராவின் ஹுண்டர், டிஸ்கிட் கிராமங்கள் லேயைவிடத் தாழ்வானவை. பாங்காங் ஏரிக்கரை 4,200 மீட்டருக்கு மேல். முதலில் நூப்ரா, கடைசியில் பாங்காங் என்றிருந்தால் நல்ல திட்டம். மூன்றாம் இரவே பாங்காங் என்றிருந்தால் வேண்டாம்.

நடைக் குழுவே என்றாலும், பெண்கள் மட்டும் என்பது பயணிகள் பட்டியலோடு நின்றுவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். நகரத்திலிருந்து உங்களோடு வரும் ஒருங்கிணைப்பாளர் பெண்ணாக இருப்பார். மலையில் கைடு, ஓட்டுநர், குதிரைக்காரர், சமையல்காரர் எல்லாரும் உள்ளூர் ஆண்களாக இருப்பார்கள். இவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். சிக்கல், முடிவு யாருடையது என்பதில். ஒருங்கிணைப்பாளரிடம் நேராக மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் தடத்தை நீங்கள் இதற்கு முன் எத்தனை முறை நடந்திருக்கிறீர்கள்? எந்த முதலுதவிப் பயிற்சி, எந்த ஆண்டு? தலைமை அலுவலகத்தைக் கேட்காமல், ஒருவரைக் கீழே இறக்க வண்டி வரவழைத்துப் பணம் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டா? மூன்றாவது கேள்விக்குத் தயக்கம் வந்தால், அவர் தலைவர் இல்லை, உடன் வருபவர் மட்டுமே. அப்படியானால் தலைவர் யார் என்று கேட்டு அவருடைய தகுதியை விசாரியுங்கள்.

விலையிலும் இரண்டு அடுக்கு லாபம் இருக்கும்: நகரத்து நிறுவனத்துக்கு ஒன்று, லேயில் அவர்கள் அமர்த்தும் நிறுவனத்துக்கு ஒன்று.

லடாக்கிப் பெண் கைடும் கிராமத்து வீடும்

லடாக்கில் ட்ரெக்கிங் கைடு வேலை நீண்ட காலம் ஆண்களுடையதாகவே இருந்தது. மலையில் ஆடு மேய்த்து வளர்ந்த தின்லாஸ் சோரோல் கைடாக வேலை கேட்டபோது, பெண் என்பதாலேயே ஏஜென்சிகள் தயங்கின. அவர் 2009-ல் லேயில் லடாக்கி விமன்ஸ் டிராவல் கம்பெனியைத் தொடங்கினார். கைடும் போர்ட்டரும் பெண்கள்; தங்குவது முடிந்தவரை ஹோம்ஸ்டே. நேபாளத்தின் போக்ராவில் லக்கி, டிக்கி, நிக்கி என்ற செத்ரி சகோதரிகள் மூவரும் 1990-களில் இதே வேலையைத் தொடங்கிப் பெண்களுக்குக் கைடு பயிற்சி கொடுத்து வந்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் தேவை ஒன்றுதான்: நடக்க வந்த பெண்களுக்குத் துணை வேண்டியிருந்தது, மலையைத் தெரிந்த பெண்களுக்கு வேலை வேண்டியிருந்தது.

ஐ.நா. சுற்றுலா அமைப்பின் 2019-ம் ஆண்டு அறிக்கைப்படி உலகச் சுற்றுலாத் துறையில் வேலை செய்கிறவர்களில் 54 சதவீதம் பெண்கள். ஆனால் ஆண்களைவிட 14.7 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள். படுக்கை விரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் பெண்களிடம், வழிநடத்துவதும் விலை சொல்வதும் ஆண்களிடம் என்ற பிரிவினை இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம். பெண் கைடை அமர்த்தும் பயணி அந்தப் பிரிவினையின் மேல் நேரடியாகக் கைவைக்கிறார். இதை நாங்கள் தர்மமாகச் சொல்லவில்லை. உங்கள் பாதுகாப்புக்கும் அதுவே நல்லது என்பதால் சொல்கிறோம். கைடு பெண்ணாக இருக்கும்போது வயிற்றுவலியை, ரத்தப்போக்கை, களைப்பைச் சொல்லத் தயக்கம் இருக்காது. தூங்கும் அறை பிரச்சினையே இல்லை. குழு சிறியது என்பதால் வேகம் உங்களுடையது.

ஹோம்ஸ்டே எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பனிச்சிறுத்தைகள் ஆடுகளைக் கொன்றதால் நஷ்டப்பட்ட கிராமங்களுக்கு மாற்று வருமானம் வேண்டும் என்று, 2000-களின் தொடக்கத்தில் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் போன்ற ஊர்களில், பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பின் துணையோடு இந்த முறை தொடங்கியது. வீட்டுப் பெண்கள்தான் விருந்தினரைக் கவனிக்கிறார்கள், பணமும் அவர்கள் கைக்கே போகிறது. இதில் ஒரு பங்கு கிராமத்தின் இயற்கைப் பாதுகாப்பு நிதிக்குப் போகும். பல ஊர்களில் முறை வைத்துத்தான் வீடு ஒதுக்குவார்கள்: நேற்று அந்த வீடு, இன்று இந்த வீடு. இணையத்தில் படம் பார்த்து ‘அந்த வீடுதான் வேண்டும்’ என்று கேட்டால் முறை கெடும். கட்டணம் ஊர் முழுக்க ஒன்றாகவே இருக்கும். இரவு உணவு, காலை உணவு, கையில் கட்டிக் கொடுக்கும் மதிய உணவு எல்லாம் அதில் அடக்கம். பேரம் பேசாதீர்கள்.

கம்பளி, மெத்தை வீட்டிலேயே இருக்கும். ஸ்லீப்பிங் பேக் தேவையில்லை, உள்ளே போட்டுக்கொள்ள ஒரு துணி உறை போதும். இதனால் முதுகுப்பை ஆறேழு கிலோவில் நின்றுவிடும். டென்ட் நடைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இந்த எடைதான். சாப்பாடு திங்மோ (ஆவியில் வெந்த ரொட்டி), துக்பா (நூடுல்ஸ் சூப்), ஸ்க்யூ (மாவுத் துண்டுகளும் காய்கறியும் வெந்த குழம்பு), சோறு, பருப்பு. புளிப்பும் காரமும் இல்லாமல் நான்கு நாள் முடியாது என்பவர்கள் ஊறுகாய்ப் பொட்டலம் எடுத்துப் போகலாம். வீட்டு அம்மாவை ‘அமா-லே’ என்று அழைப்பார்கள், நீங்களும் அப்படியே அழைக்கலாம்.

கழிப்பறை உலர் கழிப்பறை. மேல்தளத்தில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. போனபின் மண்ணைத் தள்ளிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. உள்ளே இருப்பது வயலுக்கு உரமாகப் போகிறது. அதனாலேயே நாப்கினை அதில் போடவே கூடாது. பிளாஸ்டிக் கலந்த நாப்கின் வயலில் போய்க் கிடக்கும். எரிக்கத் தருவதும் வேண்டாம். இருள்நிற ஜிப் பை ஒன்றில் போட்டு லேவுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். மென்ஸ்ட்ருவல் கப் பயன்படுத்த நினைத்தால் வீட்டில் இரண்டு மூன்று சுழற்சி பழகிய பிறகே மலைக்குக் கொண்டு போங்கள்.

இந்த வழியின் குறைகள். பெண் கைடுகள் குறைவு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் போல ஆக்சிஜன் சிலிண்டர் கூடவே வரும் என்று நம்ப வேண்டாம், கேட்டு உறுதி செய்யுங்கள். ஹிந்தியோ ஆங்கிலமோ ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். ஒரே அறையில் உங்கள் குழுவினர் எல்லாரும் தூங்க நேரலாம். குளியல் இல்லை, ஒரு வாளி சுடுதண்ணீர் கிடைத்தால் நல்லது. அறுவடை நேரமான செப்டம்பரில் வீட்டார் விடிய முன்பே வயலுக்குப் போய்விடுவார்கள்; உபசாரம் குறையும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். வசதியை எதிர்பார்ப்பவர்களுக்கும், உயரமான கணவாயே குறிக்கோள் என்பவர்களுக்கும் இது பொருந்தாது.

தடமாக நாங்கள் ஷாமைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லேயிலிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி இருக்கும் லிகிரில் தொடங்கி யங்தங், ஹெமிஸ் ஷுக்பாச்சன் வழியாகத் தெமிஸ்காமில் மூன்று நாளில் முடியும். கணவாய்கள் எல்லாமே 4,000 மீட்டருக்குள். தூங்கும் ஊர்கள் லேயின் உயரத்தை ஒட்டியவை. ஒவ்வொரு ஊருக்கும் வண்டிச் சாலை இருக்கிறது. ஆகவே எந்த நாளிலும் விட்டுவிட்டுக் காரில் லே திரும்பலாம். மலை அழகில் மார்க்காவுக்கு ஈடாகாது என்பது உண்மை. நிழல் கிடையாது, வெயில் சுட்டெரிக்கும், காலை ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும். ஆனால் முதல் தடவை உடல் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாத நிலையில், திரும்பும் வழி திறந்திருப்பதைவிடப் பெரிய வசதி இல்லை.

தனியாக

ஷாமில் முடியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பல நாள் நடந்த பழக்கம், ஆஃப்லைன் வரைபடம் படிக்கத் தெரிவது, இரண்டும் இருந்தால் போகலாம். காலையில் கிளம்பும் வீட்டில் அடுத்த ஊரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள், அவர்கள் அங்கே தகவல் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. ஆபத்து மனிதர்களைவிடக் கணுக்கால் சுளுக்கிலும் பிரியும் பாதைகளிலும் ஊரோர நாய்களிலும் இருக்கிறது. லே நகரிலேயே இரவில் தெருநாய்கள் கூட்டமாகத் திரியும். இருட்டியபின் தனியாக நடக்க வேண்டாம்.

மார்க்காவில் முதல்முறை தனியாக வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் ஆனால் பனி உருகி ஆறு பெருகும். காலையில் முழங்கால் அளவு இருந்த இடம் மாலையில் இடுப்பளவு ஆகும். ஆற்றைக் கடப்பது முற்பகலுக்குள் முடிய வேண்டும். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, நீரோட்டத்தைப் பார்த்து நின்று, கம்பை ஊன்றி, ஒவ்வோர் அடியாகக் கடக்க வேண்டும். வழுக்கினால் கைகொடுக்க ஒருவர் இருக்க வேண்டும்.

பணம், தொடர்பு

செலவுக் கணக்கு எளிது. கைடு கூலியும் டாக்சியும் குழுவுக்கு ஒன்று. ஹோம்ஸ்டே தலைக்கு இவ்வளவு. தனியாகக் கைடோடு போனால் முதல் இரண்டையும் ஒருவரே சுமக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு பேர் சேர்ந்தால் பெரிய நிறுவனத்தின் குழுக் கட்டணத்தோடு ஒப்பிடக்கூடிய அளவுக்கு வந்துவிடும். ஐந்து பேரைத் தாண்டினால் இரண்டாவது கைடு கேளுங்கள், ஒருவரை இறக்க வேண்டி வந்தால் மற்றவர்களுடன் ஒருவர் இருக்க வேண்டும். டாக்சிக் கட்டணம் லேயின் டாக்சி சங்கம் அச்சிட்டு வைத்திருக்கும் பட்டியல்படிதான். வெளியூர் வாடகை வண்டியில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.

வெளிமாநிலத்து பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டுமே. இதை லேயில் இறங்கிய பிறகு தெரிந்துகொள்கிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் எல்லாரும் பதறிப்போவார்கள். ஒரு மாதம் முன்பே மாற்றிவிடுங்கள். கிராமங்களில் அதுவும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், எனவே ‘மூன்று நாள் பேச முடியாது, இந்த நாளில் இந்த நேரத்துக்குள் அழைப்பேன், அழைக்காவிட்டால் லேயில் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்’ என்று வீட்டில் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டில் வாங்கிய சாட்டிலைட் தொடர்புக் கருவியைக் கொண்டுபோகாதீர்கள்; உரிமம் இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம். யு.பி.ஐ. சிக்னல் இருந்தால்தான், ஆகவே ஊர்களுக்குச் சில்லறை நோட்டாகப் பணம். அவசர எண் 112, பெண்கள் உதவி 181, சுற்றுலாப் பயணிகளுக்கு 1363.

சென்னையிலிருந்து போகிறவர்கள் டெல்லி வழியாக லே வரை ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் எடுங்கள். லே விமானங்கள் வானிலையால் ரத்தாவது சகஜம். தனித்தனி டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தைத் தவறவிட்ட நஷ்டம் உங்களுடையது. திரும்பும்போதும் நடை முடிந்த மறுநாளே விமானம் வைக்காமல் லேயில் ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். நாள் இருப்பவர்களுக்கு ஸ்ரீநகர், கார்கில் வழிச் சாலை நல்லது. கார்கில் 2,700 மீட்டரை ஒட்டி இருப்பதால் உடல் படிப்படியாகப் பழகும். மணாலி வழியில் சர்ச்சுவில் 4,200 மீட்டருக்கு மேல் இரவு தங்க நேரும். அந்த வழியில் போவதாக இருந்தால் தாழ்வான ஜிஸ்பாவில் தங்கிவிட்டு, மறுநாள் அதிகாலையில் கிளம்பி ஒரே நாளில் லே போய்ச் சேருங்கள்.

அட்வான்ஸ் அனுப்பும் முன் இரண்டு காரியம். கைடின் பெயரைக் கேளுங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது. முடிந்தால் அவரிடமே ஐந்து நிமிடம் போனில் பேசுங்கள். ‘எனக்கு ரும்பக்கிலோ யங்தங்கிலோ இரவில் தலைவலி வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். தண்ணீர், ஓய்வு, ஏறாமல் இருப்பது, இறங்குவது, வண்டிக்கு யாரை அழைப்பது, லேயின் எஸ்.என்.எம். மருத்துவமனை என்று வரிசையாகப் பதில் வந்தால் பணத்தை அனுப்பலாம். ‘ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு கைடைப் பாருங்கள்.